கடைசி எட்டுத் தாள்

புத்தகத்தில் கைவைத்தவன் பிளேடால் சுத்தமாக அறுத்திருந்தான்.

ஸ்ரீரங்கத்தில் லெண்டிங் லைப்ரரி நடத்தும் பெலிண்டா, அலமாரிகளைச் சரிபார்க்கும்போதுதான் அதைக் கவனித்தாள். முந்நூற்றுச் சொச்சம் பக்கங்கள் கொண்ட சரித்திர மர்ம நாவல். நாயக்கர் காலத்துத் தளபதி ஒருவன் மலைக்கோட்டையில் கொலையாகிறான். கொன்றது யார் என்று சொல்லும் கடைசி எட்டுத் தாள் மட்டும் இல்லை.

பெலிண்டாவும் ஒருமுறை அதைப் படிக்க முயன்றவள்தான். தளபதியின் குதிரையை ஆசிரியர் ஆறு பக்கம் வர்ணித்தபோது, நடுவழியிலேயே இறங்கிவிட்டாள். அதற்காக, தன் லைப்ரரிப் புத்தகத்தை அறுத்தவனைச் சும்மா விட முடியுமா?

இதுவரை எடுத்துப் போனவர்கள் பன்னிரண்டு பேர் என்றது பதிவேடு. போனை எடுத்தாள்.

“அதுவா? கொலை நடக்கட்டும்னு பாத்தேன். அதுக்குள்ள எனக்குத் தூக்கம் வந்துடுச்சுங்க” என்றார் காந்தி மார்க்கெட் பழ வியாபாரி வீரமலை.

“நாலு பக்கத்துக்கு ஒரு தடவ நிலா வருது மேடம். மூணாவது நிலாவுல மூடி வெச்சுட்டேன்” என்றாள் கல்லூரி ஆசிரியை ஹஃப்ஸா.

எடமலைப்பட்டி புதூர் சந்திரம்மாள் சிரித்தே விட்டார். “பாதிக்கு மேல படிக்க முடியலன்னு திருப்பித் தரும்போதே சொல்லணும்னு நினைச்சேங்க. நீங்க சங்கடப்படுவீங்கன்னு விட்டுட்டேன்.”

இப்படியே பதினோரு பேர். எல்லாரும் பாதியில் விட்டவர்கள். பாதியில் விட்டவர்களுக்குக் கடைசிப் பக்கம் எதற்கு?

மிச்சம் ஒருவர்தான். திருவெறும்பூரிலிருந்து வரும் பாக்கியநாதன், தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்.

“முழுசா படிச்சேம்மா. ரெண்டு தடவ!”

“நேர்ல கொஞ்சம் வர முடியுங்களா சார்?” என்றாள் பெலிண்டா, குரலில் எதையும் காட்டாமல்.

மறுநாள் காலை அவள் கதவைத் திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றிருந்தார். உள்ளே வந்து உட்கார்ந்ததும் கேட்டாள்:

“அந்த நாவல்ல கொலை பண்ணது யாரு சார்?”

“அரண்மனை வைத்தியர்!” யோசிக்கவே இல்லை.

புத்தகத்தை அவர் முன் விரித்து வைத்தாள். “அதைச் சொல்ற எட்டுத் தாள் எங்க சார்?”

மழுப்புவார், கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் முகமோ மலர்ந்துவிட்டது. பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே எட்டுத் தாளும் கசங்காமல் இருந்தன.

“நான்தாம்மா அறுத்தேன். இங்க புத்தகம் வந்த முதல் வாரமே.”

“படிச்சவங்க செய்யற வேலையா சார் இது? மத்தவங்க கடைசி வரைக்கும் படிக்க வேண்டாமா?”

“படிக்கறாங்களான்னு தெரிஞ்சுக்கத்தாம்மா அறுத்தேன். புனைபெயர்ல இதை எழுதினது நான்தான். கடைசிப் பக்கம் எங்கேன்னு யாராவது கேட்பாங்களான்னு ஒன்றரை வருஷமா காத்துக்கிட்டிருக்கேன்...”

அவர் கண்கள் கலங்கின. எழுந்து நின்று கை கூப்பினார்.

“கேட்ட ஒரே வாசகி நீங்கதாம்மா. கடைசி வரைக்கும் படிச்சதுக்கு ரொம்ப நன்றி!”