சேஃப்

கணவன் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அவள் எதிரிலேயே உட்கார்ந்தான். வாசல் சாவி அவன் சட்டைப்பையில் இருந்தது. முதலாளி வீட்டு விருந்தில் ஊமை மாதிரி நின்றாள் என்றுதான் இந்த ஆங்கில வகுப்புக்கே சம்மதித்தான். அவனுக்கு ஆங்கிலம் சுட்டுப்போட்டாலும் வராது. ஆனால் சந்தேகம் வந்தால் வகுப்பு போய்விடும், அவள் முதுகுத்தோலும் மிஞ்சாது.

“இன்னைக்கு ‘சேஃப்’. எதுக்கெல்லாம் வரும்?” என்றாள் டீச்சர்.

“தி ரோடு இஸ் சேஃப்.”

“சரி. இல்லைன்னு சொல்லணும்னா?”

“தி ஹவுஸ் இஸ் நாட் சேஃப்.”

“குழந்தையை வச்சு ஒண்ணு?”

“மை சன் இஸ் சேஃப். ஹி இஸ் வித் மை சிஸ்டர்.”

அவன் நிமிர்ந்தான். “சிஸ்டரா? உன் அக்கா பேச்சு எதுக்குடி இங்க?”

அவள் நோட்டின் பழைய பக்கத்தைப் புரட்டினாள்.

“உறவுமுறை போன பாடம் சார்,” என்றாள் டீச்சர். “மறக்காம சேத்துச் சொல்றாங்க. கெட்டிக்காரி.”

“ம்... மாட்டுக்கு மண்டையில கொஞ்சம் ஏறுது போல.”

கதவு தட்டப்பட்டது.

“யாருடா அது?” என்று கத்தினான்.

“போலீஸ். கதவைத் திறங்க.”

டீச்சரின் குரல் போனிலிருந்தும் வாசலிலிருந்தும் ஒன்றாகக் கேட்டது.