பிரேக்கில் ஓலீட்டாவின் கால்

டென்னசி மலைச்சரிவில், வீட்டு வாசல் இறக்கத்தில் நிற்கும் பழைய பிக்கப் வண்டிக்கு அடியில் வெர்லின் மல்லாந்து கிடக்கிறான். நேற்று மாற்றிய கியர் பெட்டி, ஓரமாய் நுழையும் மாலை வெயிலில் மூக்குக்கு நேர் மேலே மினுங்குகிறது. கை பிரேக்கைக் கழற்றி வைத்தாயிற்று. சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க எடுத்து வந்த மரக்கட்டை இப்போது அவனுக்குத் தலையணை, அவ்வளவு புத்திசாலி. மேலே அவன் மனைவி ஓலீட்டா பிரேக்கை மிதித்தபடி, ஸ்டியரிங் தண்டிலுள்ள கியர் கம்பியை அவன் சொன்னபடி தள்ளுகிறாள். "முள்ளு பார்க்கிங்னு காட்டுதுய்யா. இறங்கட்டா? அடுப்புல சோளரொட்டி கருகுது." வெர்லின் பார்க்கிறான். அவள் தள்ளும் கம்பியைக் கியர் பெட்டியோடு இணைக்கும் தண்டு பூட்டிலிருந்து நழுவி அவன் மார்பின் மேல் ஆடுகிறது. பெட்டியின் நெம்புகோல், சக்கரம் தடையின்றி உருளும் நியூட்ரலிலேயே நிற்கிறது. இரண்டு டன் இரும்பை நிறுத்திப் பிடித்திருப்பது ஓலீட்டாவின் ஒற்றைக் கால். கத்த வேண்டும்; நாற்பது வருஷமாய் வாய் மூடாதவனுக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. "கேக்குறேன்ல? வாயில என்ன, போல்ட்டா?" கதவு கிரீச்சிடுகிறது. பிரேக் மிதி மெல்ல மேலே எழும் சத்தம். காதருகே சக்கரம் சரளைக் கல்லை நொறுக்குகிறது. இரு கைகளாலும் பெட்டியின் நெம்புகோலைப் பார்க்கிங்குக்குப் பின்னால் இழுக்கிறான். உள்ளே ணங்கென்று பல் கடித்து வண்டி நிற்கிறது. நீலச் செருப்புகள் தரையில் இறங்குகின்றன. "வண்டி அசைஞ்ச மாதிரி இருந்துச்சே? சரி, வெளிய வா, சாப்பிடலாம்." "நீ சாப்பிடு," என்கிறான் வெர்லின். "நான் இதைக் கொஞ்ச நேரம் பிடிச்சிட்டு இருக்கேன்."