பெயர் வெட்டாத கல்

குடைக்காரி பிடித்து இழுத்த இழுப்பில் கண்ணாடிக்காரியின் கொண்டை அவிழ்ந்தே போயிற்று. இராணுவக் கல்லறையில், பெயர் வெட்டாத ஒரு கல்லுக்கு முன்னால், அறுபது வயதுப் பெண்கள் இரண்டு பேர் இப்படி மல்லுக்கு நின்றால் யாருக்குத்தான் பொறுக்கும்!

"அடச்சே! செத்தவங்க தூங்குற இடம்மா இது!" உளியைக் கீழே வைத்துவிட்டுக் கத்தினான் கல்தச்சன். போர்க்களத்தைச் சுற்றிப் பார்க்க டிக்கெட் வாங்கி வந்த கூட்டம், பதுங்குகுழியையும் துருப்பிடித்த பீரங்கியையும் விட்டுவிட்டு இந்தச் சண்டையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். போரின் கடைசி நாளில் இந்த இருவரின் பிள்ளைகளும் ஒரே பதுங்குகுழியில் இருந்தார்கள். ஒரே தட்டில் சாப்பிட்ட சிநேகிதர்கள். போன மழையில் மண் சரிந்தபோது அங்கே ஓர் உடல்தான் கிடைத்தது. கருகிப்போன எலும்பு, எந்தப் பரிசோதனைக்கும் பிடிபடவில்லை. இன்னொருவன் என்ன ஆனான் என்பதற்குத் துப்பே கிடையாது.

"ரெண்டு அம்மாவும் பேசி ஒரு பேரைச் சொல்லுவாங்க, வெட்டிடு" என்று சொல்லிவிட்டுக் கல்லறை அதிகாரி நைசாக நழுவிவிட்டார். பேசுவதாவது! வந்ததிலிருந்து கீரியும் பாம்பும்தான்.

"கிடைச்சவன் நல்ல உயரம்னு டாக்டரே சொல்லிட்டாரு, தெரியுமில்ல?" மூச்சிரைக்கக் கேட்டாள் குடைக்காரி.

"ஏன், உன் புள்ள என்ன குள்ளனா?" சீறினாள் கண்ணாடிக்காரி.

"வாயை மூடுடி! யார் வந்து சொன்னாலும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்."

"நான் மட்டும் இளிச்சவாயா?"

உயரம் குட்டையில் வேறு சண்டையா என்று கல்தச்சன் தலையில் அடித்துக்கொண்டான். எரிச்சலுக்கு நடுவிலும் பாவமாகத்தான் இருந்தது. பெற்ற வயிறாயிற்றே, வெறும் எலும்பானாலும் விட்டுக்கொடுக்குமா?

"சரிம்மா, ரெண்டு பேரையும் வெட்டிடட்டுமா?"

"கூடாது!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போனது அது ஒன்றில்தான்.

இனி பொறுக்க முடியாது. சத்தத்தில் குடைக்காரிதான் ஒரு படி மேல், அவளையாவது அடக்குவோம் என்று நினைத்தான்.

"உங்க பையன் பேரையே வெட்டிடறேன்மா. போதுமா?" உளியைக் கல்லில் வைத்துச் சுத்தியலை ஓங்கினான்.

குடைக்காரி பாய்ந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எம்புள்ள பேரையா? பாவி! அவ புள்ள பேரை வெட்டுய்யா!"

அவன் திகைத்துப்போய்க் கண்ணாடிக்காரியைப் பார்த்தான். அதற்குள் அவள் கல்லின் மேலேயே விழுந்து, இரண்டு கைகளாலும் அதை மூடிக்கொண்டிருந்தாள்.

"எம்புள்ள சாகலைய்யா!"