எட்டுத் தடவை விழுந்த எஞ்சின்

“குழியில விழுந்துச்சுன்னு சொல்லு, மாப்ளே. மூணு தடவை விழுந்துச்சுன்னு சொல்லு.”

“அத்தான், இருபத்தாறு வருஷமா ஓட்டுறேன். ஒரு தடவைகூடத் தடம் புரண்டதில்ல. வாய் கூசாம எப்படிச் சொல்றது?” எண்ணெய்த் துணியைக் கையில் பிசைந்தபடி டிரைவர் அழாத குறையாக நின்றார்.

ஸ்டேஷன் மாஸ்டருக்கு எரிச்சலாக வந்தது. பெண்டாட்டியின் தம்பியாயிற்றே என்று வேலை வாங்கிக் கொடுத்தால், நேர்மையையும் கூடவே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான்!

இரண்டரை அடி அகலத் தண்டவாளம், ஒரு நீராவி எஞ்சின், மூன்று பெட்டிகள், மலையடிவாரம் வரை ஒன்பது மைல். அந்த ரயிலுக்கு இருந்த சொத்து அவ்வளவுதான். ஏற ஆளில்லாததால் இந்த வருஷத்தோடு இழுத்து மூடிவிடலாம் என்று மேலிடத்தில் பேச்சு. மூடினால் பதினோரு பேர் தெருவில் நிற்க வேண்டியதுதான்.

அந்த நேரத்தில் கைகொடுக்க வந்தது ஒரு குழந்தைகள் கதைப் புத்தகம். அதில் வரும் ‘தூங்குமூஞ்சி’ என்ற குட்டி எஞ்சின் மேட்டைக் கண்டால் முனகும், பாதி வழியில் படுத்துக்கொள்ளும், மனசு வந்தால் குழியில் விழும். பிள்ளைகள் அதன்மேல் உயிரையே வைத்திருந்தார்கள்.

எந்த எஞ்சினைப் பார்த்து அதை எழுதினார் என்பதை மட்டும் சொல்லாமலே எழுத்தாளர் போய்ச் சேர்ந்துவிட்டார். அதைக் கண்டுபிடித்துச் சான்றிதழ் கொடுக்க அவர் குடும்பத்தார் ஓர் ஆளை அனுப்புகிறார்கள். இந்த வாரத்தில் என்றைக்கு வேண்டுமானாலும் வருவார் என்று கடிதம் வந்திருந்தது. சான்றிதழ் கிடைத்தால் கூட்டம் அலைமோதும். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ரயில்காரர்களும் போட்டிக்கு நிற்கிறார்கள். அவர்கள் எஞ்சின் ஐந்து தடவை விழுந்ததாம்.

“நம்ம எஞ்சின் தங்கம், அத்தான்.”

“தங்கத்தை வச்சு என்ன பண்றது? தகரம்னு சொன்னாத்தான் பொழப்பு.”

பதினொரு மணிக்கு ஒல்லியான மனிதர் ஒருவர் தோல்பையோடு வந்தார். “எஞ்சினைப் பார்க்கணும்” என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை.

ஸ்டேஷன் மாஸ்டர் ஓடிப்போய்ப் புத்தகத்தை அவர் கையில் கொடுத்தார். “நல்லதாப் போச்சு” என்று வாங்கியவர், அட்டையைக்கூடப் பார்க்காமல் அதன்மேல் ஒரு தாளை வைத்துப் பேனாவைத் திறந்தார்.

“ஒழுங்கா ஓடுதா?”

“ஒழுங்காவா? சார், இந்த மாதிரித் தறுதலை எஞ்சினை நீங்க எங்கேயும் பார்க்க முடியாது. மேடு வந்தா அப்படியே படுத்துக்கும்!”

“பிரேக்?”

“அது மனசு வச்சாப் பிடிக்கும். இல்லேன்னா நாங்க சாமியைக் கும்பிட்டுக்க வேண்டியதுதான்.”

வந்தவரின் பேனா பறந்தது. ஸ்டேஷன் மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை.

“எத்தனை தடவை தடம் புரண்டிருக்கு?”

மூன்று என்றுதான் பேச்சு. ஆனால் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஐந்து நினைவுக்கு வந்து தொலைத்தது. “ஏழு” என்றார் துணிந்து.

“ஓட்டுறவர் நீங்கதானே?” வந்தவர் டிரைவர் பக்கம் திரும்பினார். “இவர் சொல்றது நிஜமா?”

வந்தவரின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஸ்டேஷன் மாஸ்டர் ‘ஆமாம்’ சொல்லச் சொல்லித் தலையாட்டிக் காட்டினார். டிரைவர் எஞ்சினைப் பார்த்தார், கொட்டகை வாசலில் கையைப் பிசைந்து நின்ற மற்ற ஒன்பது பேரையும் பார்த்தார். பெற்ற தாயைப் பழிப்பது போல நெஞ்சு வலித்தது அவருக்கு.

“இல்ல சார்” என்றார் தலையைக் குனிந்துகொண்டு. “போன வாரத்தையும் சேர்த்தா எட்டு.”

மச்சானைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது ஸ்டேஷன் மாஸ்டருக்கு. வந்தவர் கையெழுத்துப் போட்டார், முத்திரை குத்தினார், பையிலிருந்து சிவப்புத் தாள் ஒன்றை எடுத்து எஞ்சினின் நெற்றியில் பசை தடவி ஒட்டினார்.

“முடிவு பண்ணிட்டீங்களா சார்? எங்க எஞ்சின்தானே?”

“இதுல சந்தேகமே இல்ல. இந்தாங்க, எழுத அட்டை கொடுத்தீங்களே, ரொம்ப நன்றி” என்று புத்தகத்தை நீட்டினார் அவர்.

ஸ்டேஷன் மாஸ்டர் கண் கலங்கக் கைகூப்பினார். “பதினோரு குடும்பத்தை வாழ வச்சிட்டீங்க. இனிமே இந்தக் கதையைப் படிச்ச பிள்ளைங்க எல்லாம் இங்கதான் சார் வருவாங்க!”

“என்ன கதை? நான் ரயில் பாதுகாப்பு இன்ஸ்பெக்டர். இனிமே இந்த வண்டி ஓடக் கூடாது.”