ஆளுக்கு முப்பது முட்டை

“முத்தக்கா, இன்னைக்கு ஒருத்தன் மண்டை ஒடையறது உறுதிங்க. வந்து பாருங்க.”

சத்துணவுக் கூடத்து வாசலில் நின்று சேதி சொன்னாள் எதிர்வீட்டுச் சௌந்திரம். அவள் வந்தது கறிவேப்பிலைக்கு. பள்ளிக்கூடத்தில் கூச்சல் கேட்கும்போதெல்லாம் அவள் வீட்டில் கறிவேப்பிலை தீர்ந்துபோவது தெருவுக்கே தெரியும்.

வேப்பமரத்தடியில் பத்தாம் வகுப்பு சிவக்குமார் பெல்ட்டைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டிருந்தான். எதிரே செங்கல் துண்டோடு சந்திரசேகர். கபடி அணிக்கு யார் தலைவன் என்பதில் ஆரம்பித்தது. சுற்றி நின்று விசிலடிக்க இருபது பேர். இன்னொரு சண்டை என்றால் இருவருக்கும் டி.சி.தான் என்று தலைமையாசிரியர் போன வாரமே சொல்லிவிட்டார். பொதுத்தேர்வுக்கு ஒரு மாதம்தான் இருந்தது.

சமையலர் முத்தாயம்மாள் இரண்டு முட்டை அட்டைகளைத் தூக்கிக்கொண்டு நேராக நடுவில் போய் நின்றாள்.

“சிவா, இதப் புடி சாமி. ரெண்டு கையிலயும். சேகரு, நீ இத. ஸ்டோர் ரூம் சாவியக் காணோம், தேடிட்டு வாரேன். ஒண்ணு ஒடஞ்சாலும் எம்பட வேலை போயிரும்.”

பெல்ட் கீழே விழுந்தது. செங்கல்லும்.

“அடிடா சிவா” என்றான் ஒருவன்.

“முட்டை இருக்குது, கண்ணு தெரியலியாடா?”

சாவி முத்தாயம்மாளின் இடுப்பிலேயே தொங்கியதைச் சௌந்திரம் பார்த்தாள். பையன்கள் விரல்களை மாற்றி மாற்றிப் பிடித்ததையும் பார்த்தாள். பயந்துவிட்டார்கள், பாவம் என்று நினைத்துக்கொண்டாள்.

சாவி ‘கிடைப்பதற்குள்’ கூட்டம் சலித்துச் சாப்பாட்டு வரிசைக்குப் போய்விட்டது. இருவரும் அட்டைகளை மேடையில் இறக்கிவிட்டுத் தட்டெடுக்கப் போனார்கள்.

“ஒடஞ்சிருந்தா என்னங்கக்கா பண்ணியிருப்பீங்க?” என்று கேட்டாள் சௌந்திரம்.

முத்தாயம்மாள் ஒரு முட்டையை எடுத்துத் தட்டி ஓட்டை உரித்தாள். “வெந்த முட்டை. இப்பத்தான் ஆற வெச்சேன். பசங்களுக்கு அது தெரியாது.”

இந்தச் சேதியைச் சௌந்திரத்தால் தெரு வரைக்கும்கூடக் கொண்டுபோக முடியவில்லை. குழாயடியில் நின்ற சிவாவிடமே சொல்லிச் சிரித்தாள். “ஏமாந்துட்டியே சாமி. அத்தனையும் வெந்த முட்டை.”

சிவா அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான்.

“தெரியுமுங்கக்கா. வாங்குனப்பவே அட்டை சுட்டுச்சு.” சிவந்திருந்த உள்ளங்கையைத் தண்ணீரில் காட்டினான். “சேகரும் கைய மாத்தி மாத்திப் புடிச்சான். ஆனா, ரெண்டு பேருமே கீழ வெக்கல.”