மைக்கல் என்ற பெட்டை ஆடு

அதே ஆடு மூன்றாவது தடவையாக வரிசையில் வந்து நின்றது.

முதல் தடவை அதன் பெயர் வெள்ளையம்மா. அடுத்த தடவை கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டி, ராணி. இப்போது மஞ்சள் காற்பந்துச் சட்டை போட்டிருந்தது.

"பேரு என்னா மாமா?" குமுதா தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"மைக்கல்" என்றார் ஐயாவு.

"பெட்டை ஆட்டுக்கு மைக்கலா?"

"இதோட அப்பன் அந்தோணி வீட்டுக் கிடாலா."

குமுதாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு பதிவேட்டில் பெயரை எழுதினாள்.

கால்நடை மருத்துவம் மூன்றாம் ஆண்டு படிக்கிறவள் அவள். தேசியக் கால்நடை மருத்துவ மாணவர் சங்கத்தின் செயற்குழுவில் பேராக் மாநிலத்துக்கு அவள்தான் பொறுப்பு. இலவச முகாமைத் தான் பிறந்த தோட்டத்தில்தான் வைக்க வேண்டும் என்று மல்லுக்கு நின்று வாங்கி வந்தாள். தலைவன் ஷர்வின் அரை மனதாகத் தலையாட்டிவிட்டு ஒரு தீர்மானமும் போட்டு வைத்திருந்தான். இருபது மிருகம் வராவிட்டால் இனிமேல் தோட்டமே கிடையாது, முகாமெல்லாம் பேரங்காடியில்தான்.

தோட்டத்து ரப்பரை வெட்டி எண்ணெய்ச் செம்பனை நட்டதும், பாதிச் சனம் மாட்டை விற்றுவிட்டு ஈப்போ நகரத்துக்குப் போய்விட்டது. மிச்சமிருந்த நாய்களோ ஊசியைப் பார்த்ததும் செம்பனைக்குள் ஓடியவைதான், திரும்பவில்லை. மணி பதினொன்று. செயற்குழு ஆட்கள் பதினாலு பேர். வந்த மிருகமோ, ஐயாவு மாமாவின் ஆட்டை ஒன்றாக எண்ணினால், பன்னிரண்டு. நேர ஒழுங்குப் பொறுப்பாளரும் அவருடைய துணைப் பொறுப்பாளரும் ஒரே கோழியை ஆளுக்கொரு இறக்கையாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

ஆட்டுக்குத் தெர்மாமீட்டர் வைப்பது வாயில் இல்லை, வாலுக்கு அடியில். காலையிலிருந்து இரண்டு முறை பட்ட அனுபவம். மைக்கல் மேசையருகே வந்ததும், யாரும் சொல்லாமலே திரும்பி நின்று வாலைத் தூக்கிக் காட்டியது.

"இருபத்து மூணு புள்ளி நாலு கிலோ!" என்று தராசுப் பக்கமிருந்து ஒருத்தன் மலாய் மொழியில் கத்தினான். குமுதாவின் கை தானாக எழுதிவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஷர்வின் வந்தான். பதிவேட்டைத் திருப்பி ஒரே ஒரு பார்வைதான். ஆட்டின் பக்கம் அவன் கண் போகவே இல்லை.

"மூணு ஆடு. மூணும் அச்சா ஒரே எடை. ஒரே ஆட்டைத்தான் கொண்டு வந்திருக்காங்க!"

மைக்கைப் பிடித்துக்கொண்டான். மிருகத்துக்கு ஒன்று வீதம் நக்குவதற்கு உப்புக்கட்டி கொடுக்கிறார்கள் அல்லவா?

"பொதுமக்களே! ஓசி உப்புக்கட்டிக்காக இந்தப் பெரியவரு ஒரே ஆட்டுக்கு மூணு பேரு வச்சு ஏமாத்தியிருக்காரு. எங்க சங்கத்துல நேர்மைதான் முக்கியம்!"

"ஆசையப் பாரேன்!" என்றாள் வரிசையில் நின்ற நவமணி. "அவ்ளோ உப்பத் தின்னா ஆட்டுக்கே பிரஷர் வந்துரும்லா!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. குமுதாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பதிவேட்டில் ராணியையும் மைக்கலையும் கோடு போட்டு அடித்தாள்.

"ஏன் மாமா இப்படி என் மானத்த வாங்குறீங்க?"

ஐயாவு ஆட்டின் சட்டையை மெல்லக் கழற்றினார்.

"நான் எடுத்தது ஒரு கட்டிதான் தாயி. மத்த ரெண்டும் ஒன் மேசைக்கு அடியிலதான் கெடக்கு, பாரு."

குனிந்து பார்த்தாள். கிடந்தன.

"அப்புறம் எதுக்கு மாமா?"

"லயத்து வீட்டுச் சுவருக்குக் காது எதுக்கு? முந்தாநேத்து பக்கத்து வீட்டுல நீ போன்ல இருபது, இருபதுன்னு அழுதது எங்க அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு. எங்கிட்ட இருக்கறது ஒரு ஆடு. அத வச்சு நான் வேற என்னா செய்ய?"

ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். ஆடு மட்டும் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தது.

சாப்பாடு முடிந்து செயற்குழு மண்டபத்தில் கூடியது. ஷர்வின் ஒரு ஃபைலைக் குமுதாவிடம் நீட்டினான். "போன மாசம் கோலாலம்பூர் பேரங்காடியில நான் நடத்துன பூனை முகாம் ரிப்போர்ட். இதே மாதிரி எழுது. இதுதான் மாடல்."

பிறகு எழுந்து நின்று மலாயில் பேசினான். பன்னிரண்டுதான் வந்தது. தோட்ட முகாமை ரத்து செய்ய ஆதரவு தருகிறவர்கள் கை தூக்கலாம். முதல் கை அவனுடையது. மற்றக் கைகளும் ஒவ்வொன்றாக எழுந்தன.

குமுதா ஃபைலைப் பிரித்தாள். மொத்தம் இருபத்திரண்டு பூனை.

மைலோ. ஆரஞ்சு நிறம், வால் நுனி வளைந்தது, நாலு புள்ளி இரண்டு கிலோ. அடுத்தது மேங்கோ. ஆரஞ்சு நிறம், வால் நுனி வளைந்தது, நாலு புள்ளி இரண்டு கிலோ. சீஸ். ஆரஞ்சு நிறம்...

பக்கத்தைப் புரட்டினாள். அப்படிப் பத்துப் பூனை.

ஆட்டைப் பார்க்காமலே தலைவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்பது இப்போது விளங்கியது.

மைக் அவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதை ஓரமாகத் தள்ளி வைத்தாள். ஃபைலை ஷர்வின் பக்கம் திருப்பி விரலை வைத்துக் காட்டி, அந்தச் செயற்குழுவில் அவர்கள் இரண்டு பேருக்கு மட்டுமே தெரிந்த தமிழில், மெதுவாகக் கேட்டாள்:

"ஏன் தலைவரே, உங்க பூனையும் கடைசியில தானாவே வாலைத் தூக்கிக் காட்டுச்சா?"

தலைவரின் கை இறங்கியது. அதைப் பார்த்து, ஏன் எதற்கென்று தெரியாமலே, மற்றப் பன்னிரண்டு கைகளும் இறங்கின.