ஹாரன் பட்டனில் ஒரு முகம்

"எங்க மச்சான் மூஞ்சிய வெட்டி ஒட்டுனது இவன்தானா?"

சவுரியப்பன் வீட்டு வாசலில் வாடகை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கூட்டத்திலிருந்து ஒரு மீசைக்காரர் கேட்டார். அல்தாப் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். தலையைக் குனிந்துகொண்டான்.

செய்த வேலை அப்படி. செல்போனில் விளையாடும் பஸ் கேமை அவன் தர்மபுரி - இண்டூர் டவுன் பஸ்ஸாக மாற்றிக்கொண்டிருந்தான். திரையில் தெரியும் பட்டன் படங்கள் எல்லாம் பெயர் இல்லாமல், ஒரே பைலில் துண்டு துண்டாகக் கிடந்தன. எது ஹாரன் என்று தெரிய வேண்டுமானால், ஒரு துண்டின் மேல் எதையாவது ஒட்டி, கேமைத் திறந்து, அது எங்கே முளைக்கிறது என்று பார்க்க வேண்டும்.

சிவப்பாக ஒரு வட்டம் ஒட்டினாலே போதும். குசும்பு யாரை விட்டது? டவுன் பஸ் டிரைவர் சவுரியப்பன் வாயைப் பிளந்து கொட்டாவி விடும் போட்டோவை ஒட்டினான். அது சரியாக ஹாரனில் வந்து உட்கார்ந்தது. விழுந்து விழுந்து சிரித்தவன், எடுக்க மறந்து அப்படியே வாட்ஸ்அப் குரூப்பில் ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டான்.

இப்போது பயல்கள் அந்த வாயை அமுக்கித்தான் ஹாரன் அடிக்கிறார்கள். விஷயம் சவுரியப்பன் காதுக்கும் போய்விட்டது. "ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வா" என்று மட்டும் போனில் சொன்னார்.

காலேஜ் நாளில் இவன் ஓடி வருவதைக் கண்ணாடியில் பார்த்து, பஸ்ஸை நிறுத்தி ஏற்றிக்கொண்ட மனுஷன் அவர். நினைக்க நினைக்க அல்தாபுக்குத் தன்மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது.

சவுரியப்பன் வெளியே வந்தார். லீவு நாளிலும் இஸ்திரி போட்ட காக்கிச் சட்டை.

"தப்புங்கண்ணே. சும்மா எடம் கண்டுபுடிக்க ஒட்டுனது..." அல்தாப் கையைக் கூப்பினான்.

"அட, மொதல்ல உக்காரு தம்பி."

"இல்லீங்கண்ணே. எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு உக்காருவேன்? காலையிலயே அத எடுத்துட்டேன். குரூப்புல எல்லாருக்கும் புதுசு அனுப்பியாச்சு, பழசு இனி தொறக்கவே தொறக்காது. எவன் போன்லயும் உங்க மூஞ்சி வராதுங்க."

மீசைக்காரர் சவுரியப்பனைப் பார்த்தார். சவுரியப்பனின் முகம் சுருங்கிப்போனது.

"எடுத்துட்டியா? கம்பைநல்லூர்ல இருந்து இவங்கெல்லாம் அதப் பாக்கத்தான தம்பி வந்திருக்காங்க!"